அட்டைக் குஞ்சுகளைப் பண்ணைக்குக் கொண்டுவரும்போது

இலங்கையின் வடக்கில் கௌதாரிமுனை, இரணைதீவு, மன்னார்க் கரை என்று கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ள இக்காலத்தில், குஞ்சு விட்ட சில வாரங்களுக்குள் பெருந்தொகையானவை காணாமற்போய்விட்டன என்பதே பண்ணையாளர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. நண்டு தின்றிருக்கலாம், வலை கிழிந்திருக்கலாம். ஆயினும், குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வலையடைப்பு வரை அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதையே நான் முதலில் விசாரிப்பேன்.

இங்கு வளர்க்கப்படும் வெள்ளை அட்டை, நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அடங்கிய முட்தோலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. தன் உடல்நீரின் உவர்த்தன்மையைத் தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் இக்கூட்டத்துக்கு இல்லை என்பதால், வெளிநீர் சட்டென்று மாறும்போது அந்த மாற்றம் முழுவதும் அதன் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. கடல்நீரின் உவர்த்தன்மை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு; மாரி மழையில் களப்புக் கரையோரங்களில் அது மிகவும் இறங்கிவிடுகிறது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் நீரை அளந்து பார்க்காமல் குஞ்சு இறக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. குஞ்சு இடும் வாளியை உப்பில்லாத நல்ல தண்ணீரால் கழுவி, அந்த ஈரத்தோடேயே பயன்படுத்துவதும் தவறுதான்.

தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் குஞ்சை நகத்தால் சுரண்டி எடுக்கக் கூடாது. அது ஒட்டிக்கொள்ளும் சிறு குழாய்க்கால்கள் அறுபடும், தோலும் காயப்படும். அந்தக் காயம் பின்னர் வெள்ளைப் புள்ளியாகிப் புண்ணாகப் பரவும். மென்மையான தூரிகையாலோ மெல்லிய கடல்நீர்த் தாரையாலோ தளர்த்தி எடுப்பதே முறை. சவர்க்காரமோ எண்ணெயோ படிந்த கையால் தொடவே கூடாது.

பயணத்துக்கு முந்திய நாளே உணவை நிறுத்திக் குடலை வெறுமையாக்க வேண்டும். இல்லையேல் பைக்குள்ளேயே கழிவு சேர்ந்து நீர் கெடும். பையின் மூன்றிலொரு பங்குக்குக் கடல்நீரும் மீதிக்கு ஒட்சிசனும் நிரப்பி, நெருக்கியடிக்காமல் குஞ்சுகளை இட்டு, ரெஜிபோம் எனும் வெப்பம் புகா நுரைப் பெட்டியில் அடுக்குங்கள். பனிக்கட்டி வைப்பதாயின் தாளில் சுற்றிப் பையில் நேரடியாகப் படாமல் வையுங்கள், ஏனெனில் இதமான குளிர்ச்சி போதும். மன்னார்–பூநகரி வீதியில் நண்பகல் வெயிலில் திறந்த வாகனத்தில் பைகளை ஏற்றிவருவதைக் காணும்போது மனம் பதைக்கிறது. வெப்பத்தில் வருந்தும் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். அது மீண்டும் வளரும் என்றாலும், சிறு குஞ்சுக்கு அதைத் தாங்கும் வலு குறைவு.

கரைக்கு வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். மூடியபடியே அரைமணி நேரம் பண்ணை நீரில் மிதக்கவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக அந்த நீரைப் பைக்குள் சேர்த்துப் பழக்க வேண்டும். வெயில் தணிந்த பின், நேரே திறந்த அடைப்புக்குள் விடாமல், சிறுகண் வலைக்கூட்டில் மணற்சேற்றுத் தரையில் இறக்குவது நல்லது. நண்டிடமிருந்து காப்பதோடு, அடுத்த நாட்களில் மணலுக்குள் புதையாமல் மேலே கிடப்பவற்றையும் தோல் வெளுத்தவற்றையும் உடனே பிரித்தெடுக்க அந்தக் கூடு உதவும். அப்படிப் பிரித்தவற்றை மறுபடியும் பண்ணைக் கடலில் எறியாமல், கரையில் வேறு பாத்திரத்தில் வைத்து மீன்வளர்ப்பு உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.