துரு நோய்

கோதுமை விளையாத ஊர் எங்களுடையது. மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் பனையும் கடலும்தான் ராமநாதபுரம் கரையில் சோறு போடுகின்றன. ஆனாலும் கோதுமைக்கு வரும் ‘ரஸ்ட்’ நோயைத் தமிழில் துரு நோய் என்று சொன்னால் இங்கே யாருக்கும் சட்டென்று புரியும். நங்கூரம், ஜன்னல் கம்பி, சைக்கிள் என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவது ஓயாத வேலையாக இருந்தது.

நோய் கண்ட கோதுமை இலையைத் தடவினால், துருப்பிடித்த ஆணியைத் தொட்டதுபோல விரலில் செம்பொடி ஒட்டும். பெயர் வந்தது அதனால்தான். ஆங்கில ‘ரஸ்ட்’ சிவப்பைக் குறிக்கும் பழைய வேரில் பிறந்த சொல். இந்தியில் இந்த நோய்க்குக் ‘கேருவா’ என்று பெயர். கேரு என்றால் காவிக்கல். பழைய ரோமானியர்கள் இந்த நோய்க்கென்றே ரோபிகஸ் என ஒரு தெய்வத்தை வைத்து, ஏப்ரல் 25இல் விழா எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தைப் பார்த்து வைத்ததுதான். ஆனாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ‘ரஸ்ட் நோய்’ என்று எழுதவே தேவையில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்பின் துருவுக்கு உயிர் இல்லை. கோதுமையின் துரு உயிருள்ள பூசணம். அந்தச் செம்பொடி முழுக்க அதன் வித்துகள். ஈரக்காற்றில் கருவாட்டில் பூக்கிறதே, அந்தப் பூசணத்துக்கு இது தூரத்து உறவு. கருவாட்டுப் பூசணம் செத்ததைத் தின்னும். இதற்கோ உயிருள்ள பயிர்தான் வேண்டும்.

அப்புறம் ஈரம். வித்து முளைக்க இலை சில மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். மழைதான் பெய்ய வேண்டும் என்பதில்லை, இராப்பனியே போதும். மஞ்சள் துரு, பழுப்புத் துரு, கருந்துரு என்று இந்த நோயில் மூன்று வகை. வெப்பம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மஞ்சள் துருவுக்கு 10 முதல் 15 டிகிரி வரையிலான குளிர் பிடிக்கும். பழுப்புத் துருவுக்குச் சுமார் 20 டிகிரி. கருந்துரு அதைவிட வெயில் ஏறிய பிறகு வலுக்கும். பெயரைப் பார்த்துக் கறுப்பைத் தேடக் கூடாது; கருந்துரு முதலில் செங்கல் நிறத்தில் தண்டில் வெடிக்கும், பயிர் முற்றும்போதுதான் கறுக்கும்.

வடக்குச் சமவெளியின் கோடை வெயிலில் இந்த வித்துகள் பிழைப்பதில்லை. அப்படியானால் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகின்றன? மலைகளிலிருந்து என்று காட்டியவர் ஆக்ராவைச் சேர்ந்த பயிர் நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா. பழுப்புத் துருவும் கருந்துருவும் கோடையை நீலகிரியிலும் பழனி மலையிலும் கழிக்கின்றன. நவம்பரில் வங்கக் கடலில் புயல் உருவாகும்போது அதன் காற்று அந்த வித்துகளை அள்ளி மத்திய இந்தியா வரை கொண்டுபோகும். அங்கே மழையோடு இளங்கோதுமை மேல் இறங்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருப்போம். அதே நாட்களில்தான் அந்தத் துரு வடக்கே பயணம் போகிறது.