ஆலையில் கை முறிந்தால் சிகிச்சையும் நட்டஈடும்

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. ஓடும் பெல்ட்டில் கை மாட்டி, சின்னவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்துவிட்டது என்று வைப்போம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, கட்டு, சத்திரசிகிச்சை எதற்கும் கட்டணமில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றினாலும் அப்படித்தான். வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

“எப்படி நடந்தது?” என்று டொக்டர் கேட்பார். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதலாளிக்குக் கரைச்சல் வரக்கூடாதென்று “வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிவுதான் பிறகு நட்டஈட்டுக்குக் குறுக்கே நிற்கும். ஆலையில் நடந்தது என்றே சொல்லுங்கள், தயவுசெய்து.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை காரணமாக, வேலையின்போது காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். நியமனக் கடிதம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வாய்ப்பேச்சில் சேர்ந்த வேலையும் ஒப்பந்தம்தான். நட்டஈடு கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாகியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. ஆனால் குடிபோதையில் இருந்ததாலோ, இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியதாலோ காயப்பட்டால் உரிமை போகலாம்.

தொகை எவ்வளவு என்பது உங்கள் சம்பளத்தையும், கை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. வேலை செய்ய முடியாத காலத்துக்கு ஒரு கணக்கு, நிரந்தரக் குறைக்கு வேறு கணக்கு. ஆகவே சிகிச்சையை இடையில் விடக்கூடாது. எல்லா முறிவுக்கும் ஒபரேசன் தேவையில்லை. எலும்பு விலகாவிட்டால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியோ, சில கிழமை பிளாஸ்டர் போட்டோ ஆற்றிவிடலாம். மடக்கும்போது ஒரு விரல் மற்றதன்மேல் ஏறினால் எலும்பு திரும்பியிருக்கிறது. அதை நேராக்கியே ஆகவேண்டும், சிலவேளை கம்பி வைப்பார்கள். முறிவு நெரிவு வைத்தியரை நம்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டினால், கோணலாகப் பொருந்தியது ஒருவருக்கும் தெரியாது. கட்டு அவிழ்த்த பிறகு விரல் விறைத்திருக்கும்; பிசியோதெரபிக்குப் போங்கள், அதுவும் இலவசம்.

முதலாளிக்கு உடனே அறிவியுங்கள், முடிந்தால் எழுத்தில். அவர் கொடுக்க மறுத்தால் கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். வழி தெரியாவிட்டால் மட்டக்களப்பு அல்லது அம்பாறை தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, சம்பளத்துக்கு ஏதாவது துண்டு, நேரில் பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.