உளி முனையில் ஓடும் நிறம்

கல் உளிக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு குணங்கள் வேண்டும். முனை மழுங்காத கடினம் ஒன்று; சுத்தியல் அடியில் தெறித்துவிடாமல் தாங்கும் உரம் இன்னொன்று. எஃகில் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும். கொல்லர் போடும் தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிப் பதப்படுத்தும் முறை, இரண்டுக்கும் வழி செய்கிறது.

உளிக்கு ஏற்ற எஃகில் கார்பன் சுமார் 0.8 சதவீதம் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணு அடுக்குக்குள் கார்பனுக்கு இடமே இல்லை எனலாம். பெரும்பகுதி இரும்புடன் சேர்ந்து கார்பைடாக ஒதுங்கி நிற்கும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அடுக்கே மாறி, கார்பன் உள்ளே கரையத் தொடங்கும். மெல்ல ஆறவிட்டால் மறுபடி வெளியேறிவிடும், எஃகும் மிருதுவாகிவிடும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் வெளியேற நேரம் கிடைக்காது. சிக்கிக்கொண்ட கார்பன் அடுக்கை ஒரு பக்கமாக இழுத்துக் கோணலாக்கிவிடும். இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அணு வரிசைகள் நழுவினால்தான் உலோகம் வளையும். இதில் நழுவ வழியில்லை. அதனால் அபாரக் கடினம். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அதைத் தடுக்க எதுவும் நெளிந்து கொடுக்காது, முனை சில்லாகப் பெயர்ந்துவிடும்.

ஆகவே மறுபடி கொஞ்சம் சூடு வேண்டும். அனுபவமுள்ள கொல்லரின் கை இதை அளக்கும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காது. பழுத்த உளியின் முனையை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுப்பார். கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். உளியின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக முனைக்கு நகரும். கூடவே நிறங்களும் நகரும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 260-இல் பழுப்பு, 280-இல் கத்தரிப்பூ நிறம், 300-இல் நீலம். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவது போலத்தான் இதுவும்: சூடு ஏற ஏற மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடிக்கிறது, நிறம் மாறுகிறது. உள்ளேயோ சிக்கிய கார்பன் நுண்ணிய கார்பைடு துகள்களாகப் பிரிந்து இறுக்கம் தளர்கிறது. கடினத்தில் கொஞ்சம் போகும், உரம் நன்றாகவே கூடும்.

வேண்டிய நிறம் முனையைத் தொட்டதும் உளி மறுபடி தண்ணீருக்குள் போகும். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அடி வாங்கும் கருவியைக் கத்தரிப்பூ நிறம் வரை விடுவார்கள். உளியின் தலைக்கோ தோய்ச்சலே போடமாட்டார்கள், சுத்தியல் பட்டுச் சில்லு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

சாணைச் சக்கரத்தில் அழுத்தித் தீட்டும்போது முனை நீலமானால், அந்த இடம் தேவைக்கு மேல் சூடாகி இளகிவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீரில் முக்கினாலும் பயனில்லை; 727-ஐ எட்டாத சூட்டிலிருந்து கடினம் திரும்பாது. நீலம் ஏறிய பகுதியைப் பொறுமையாகத் தேய்த்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் உலையில் வைத்து முதலிலிருந்து தோய்ச்சல் போட வேண்டும்.