மூன்றாம் பருவத்தில் விழுக்காடு ஏன் சரிகிறது?

ஏப்ரல் மாதம் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. இரண்டாம் பருவத்தில் நன்றாக இருந்த வாசிப்பு நிலை மூன்றாம் பருவத்தில் ஏன் குறைந்தது, ஆசிரியர்கள் கவனிக்கவில்லையா என்பதே அது. திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகள் சூழ்ந்த ஊரில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியர். கேட்பவர்கள் பிள்ளைகள் மீது அக்கறை உள்ள பெற்றோர் என்பதால், அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறோம். அரும்பு தொடக்க நிலை, மலர் உயர்ந்த நிலை. டிசம்பரில் மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர் இருந்து, அவர்களில் ஆறு பேர் மலர் நிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 75 விழுக்காடு. பொங்கல் முடிந்து பள்ளி திறக்கும்போது, சூளை வேலைக்கு வந்த குடும்பங்களிலிருந்து நான்கு பிள்ளைகள் அரும்பு நிலையில் சேர்கிறார்கள். ஏப்ரலுக்குள் பழைய எட்டுப் பேரில் மேலும் ஒருவர் மலர் நிலைக்கு வந்துவிடுகிறார். இப்போது பன்னிரண்டில் ஏழு, அதாவது 58 விழுக்காடு. ஒரு பிள்ளைகூடப் பின்தங்கவில்லை, ஒருவர் முன்னேறியும் இருக்கிறார். ஆனாலும் பள்ளியின் விழுக்காடு 17 புள்ளிகள் இறங்கிவிட்டது. புதிதாக யாரும் சேராவிட்டாலும், எட்டுப் பேர் கொண்ட வகுப்பில் ஒரு பிள்ளை என்பது பன்னிரண்டரை விழுக்காடு. மதிப்பீட்டு நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பள்ளியின் நிலை மாறித் தெரியும்.

எங்கள் பகுதிச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் அறுவடைக்குப் பின் வந்து, மழைக்காலத்துக்கு முன் ஊர் திரும்புகின்றன. கல்வி உரிமைச் சட்டப்படி, ஆண்டின் நடுவில் வந்தாலும், எந்தச் சான்றிதழும் இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். இது நல்ல சட்டம். இதை முழு மனத்தோடு நிறைவேற்றும் பள்ளிக்கே விழுக்காடு குறைகிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். ஆசிரியர் பணியிடங்களோ ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகின்றன. ஜனவரியில் வரும் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே அவர்களையும் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படி வந்த ஒரு சிறுமியை மறக்க முடியாது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாததால் அவளை அரும்பு நிலையில் பதிவு செய்தோம். கணக்குத் தாளிலும் அவள் ஏதோ கிறுக்கியிருப்பதாக நினைத்து மதிப்பெண் தராமல் விட்டேன். சில நாட்கள் கழித்து, சூளை மேற்பார்வையாளரோடு வந்த அவளுடைய தந்தை அந்தத் தாளைப் பார்த்து, அவை ஒடியா எண்கள் என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சரிபார்த்தேன். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகள் அனைத்தும் சரியாக இருந்தன. அந்தச் சிறுமிக்குக் கணக்கு தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவளுடைய எண்கள் தெரியவில்லை. அன்று முதல், புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதலில் அதன் தாய்மொழியிலேயே எழுதவும் எண்ணவும் சொல்கிறோம். குழுவில் பேசப்படும் அந்த விழுக்காடு அளப்பது தமிழ் வாசிப்பை மட்டுமே. அதைப் பிள்ளையின் அறிவுக்கு அளவாகக் கொள்வது பெரும் பிழை.

வெளியிலிருந்து வருபவர்கள் மட்டுமல்ல, உள்ளூர்ப் பிள்ளைகளின் பின்னணியும் ஒன்றாக இல்லை. இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருபவர்கள். பெற்றோர் வேலைக்கு வேறு ஊர் செல்லும் நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் மீது விழுகிறது. காலை உணவுத் திட்டம் வந்த பின் அவர்களில் பலர் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். முதல் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை இப்போது நான் அரிதாகவே பார்க்கிறேன். மறுபுறம், மாதக் கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக மஞ்சள் வேன் வரும் தனியார் பள்ளிகளுக்கு மாறுகின்றன. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உள்ள பிள்ளைகள் அதிகமாக வெளியேறினால், கற்பித்தலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எஞ்சிய வகுப்பின் சராசரி இறங்கும். இரண்டு பள்ளிகளின் விழுக்காடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு சொன்னதால், பின்னணியைக் காட்டி நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ‘இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற பேச்சை ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். அதைவிடக் கொடிய வார்த்தை பள்ளியில் இல்லை. வருகை சீராக இருந்த இருளர் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே மலர் நிலைக்கு வந்ததை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். பின்னணி விவரம் எங்கே கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டுகிறேன். இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பைச் சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்போடு ஒப்பிட வேண்டாம். அவர்கள் வேறு பிள்ளைகள். ஜூனில் இருந்த அதே பிள்ளைகள் ஏப்ரலில் எந்த நிலையில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை நாட்கள் வந்தார்கள், அங்கன்வாடிக்குப் போனவர்கள் யார், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேளுங்கள். இடையில் சேர்ந்தவர்களின் முன்னேற்றத்தைத் தனியே கேளுங்கள். இந்த விவரங்களைத் தர மறுக்கும் தலைமையாசிரியரை விடாமல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சூளைப் பகுதிப் பள்ளிகளில் உள்ள சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்பம் ஊர் திரும்பியதும் பிள்ளையின் பெயரை, கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில், பள்ளியை விட்டுச் சென்றவர்களுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு மாற்றுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு முன், அந்தப் பிள்ளை இங்கே எத்தனை நாட்கள் வந்தது, எதைக் கற்றது என்பதை ஒரு தாளில் எழுதி, பள்ளி முத்திரையிட்டுப் பெற்றோரிடம் கொடுங்கள். நாங்கள் இந்தியில் ஒரு படியும் எழுதிக் கொடுக்கிறோம். சென்ற முறை ஒரு தாய் அதை மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.