டிடிஎஸ் மீட்டரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

இந்த மாதமும் ஒரு படம் வந்துவிட்டது. நீலகிரியில் காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஒரு சிற்றோடை, அதில் அமிழ்த்திய டிடிஎஸ் மீட்டர், திரையில் 48 என்ற குறைந்த எண். "சார், ஓடை ஆரோக்கியமாக இருக்கிறது என்று போர்டு வைத்துவிடலாமா?" என்று கேட்கிறது ஒரு தன்னார்வலர் குழு. அந்த ஓடையை எனக்குத் தெரியும். கல்லைப் புரட்டினால் வழுவழுவென்று சேறு கையில் ஒட்டும். அதற்குள், மாசையும் தாங்கி வாழும் இரத்தப் புழுக்கள் சிவப்பாக நெளியும். வேறு ஓர் உயிர் கண்ணில் படாது.

நன்னீர் உயிரியல்தான் என் வேலை. இந்த மீட்டர் விஷயத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியும் தீரவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் டிடிஎஸ் மீட்டர். அவ்வளவுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை எளிதில் கரையாது, மழையும் அதிகம். ஆகவே அங்கே உப்பு இயல்பிலேயே குறைவு. சாக்கடை கொஞ்சம் கலந்தால்கூட எண் பெரிதாக ஏறாது. பூச்சிமருந்து லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நீர்ப்பூச்சிகள் பல செத்துப்போகும். அந்த அளவு மீட்டரை அசைக்கவே அசைக்காது. கிருமி தெரியாது, ஆக்சிஜன் தெரியாது, வண்டல் தெரியாது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டுச் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்று சொல்வீர்களா?

"தண்ணீர் தெளிவாக இருக்கிறதே" என்பதும் இதே ரகம். காலையில் கேரட் கழுவிய மண் மதியத்துக்குள் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்துவிடும். படிந்த மண் போய் அடைப்பது கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை. ஓடையின் உயிர்களில் பெரும்பாலானவை குடியிருப்பது அந்தச் சந்துகளில்தான்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை ஒன்று, வெள்ளைத் தட்டு ஒன்று. ஓட்டம் வரும் பக்கம் நீங்கள் நின்றுகொண்டு, வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்து, மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறுங்கள். வலையில் விழுந்ததைக் கொஞ்சம் தண்ணீரோடு தட்டில் கொட்டிவிட்டுப் பொறுமையாக இருங்கள். வயிற்றின் ஓரங்களில் செவுள் படபடக்க, பெரும்பாலும் மூன்று வாலோடு இருப்பது மேஃபிளையின் இளம்பருவம். வயிற்றோரச் செவுள் இல்லாமல் இரண்டு வால், தட்டை உடம்பு என்றால் ஸ்டோன்ஃபிளை. மணலையோ இலைத் துண்டையோ ஒட்டிக் கூடு கட்டி இழுத்துக்கொண்டு போவது கேடிஸ்ஃபிளைப் புழு. இவை மாதக்கணக்கில் தண்ணீரிலேயே வளர்பவை. போன மாதம் யாரோ ராத்திரியில் மருந்து டப்பாவைக் கழுவியிருந்தால்கூட, இன்று தட்டில் இவை இல்லாமல் போவதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிட்டனில் 1970களில் உருவான முறையில் ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண்; மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம், தாங்குவதற்குக் குறைவு. பெர்லிடே குடும்பத்து ஸ்டோன்ஃபிளைக்கு 10, இரத்தப் புழுக் குடும்பத்துக்கு 2. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே வழியில் ஒரு முறை வைத்திருக்கிறது. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுங்கள்; வரும் சராசரி கூடக்கூட ஓடை நலம். மேஃபிளையைக் கண்டதும் துள்ள வேண்டாம். பேட்டிடே குடும்பம் ஓரளவு மாசைத் தாங்கும், அதற்கு 4தான்.

ஆக்சிஜன் அளக்கும் வசதி இருந்தால் விடியற்காலையில் அளங்கள். பாசி மண்டிய ஓடை மத்தியான வெயிலில் அருமையான எண்ணைக் காட்டும், விடிவதற்குள் மூச்சுத் திணறும். வெள்ளம் வடிந்த கையோடு வலை போடாதீர்கள், சில வாரம் விடுங்கள். தோட்டத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று இரண்டையும் பாருங்கள். ஒற்றை இடத்து மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. புரட்டிய கல்லை அதே இடத்தில் அதே பக்கமாக வையுங்கள், தட்டிலிருப்பவற்றை உயிரோடு திருப்பி விடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

அப்புறம், தூய்மைப் பணி என்று ஜேசிபியை இறக்கிக் கல்லையும் மணலையும் வாரிக் கரையில் கொட்டுகிறீர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்குங்கள். விழுந்த இலை குப்பை இல்லை, மலை ஓடைக்கு அதுதான் முதல் சாப்பாடு. கரை மரங்களை வெட்டினால் நிழலும் போகும், சாப்பாடும் போகும்.

அடிவார ஓடைகளில் டெங்குவைத் தடுக்கிறோம் என்று கப்பி மீனைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, ஓடுகிற தண்ணீரில் முட்டையிடாது. வீட்டுத் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, இவற்றில்தான் வளர்கிறது. அவற்றைக் கவிழ்த்து வையுங்கள். ஓடையில் ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்குப் புதுப் போட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள்.