துணைப் பயிற்சியாளர் இல்லாத வீடு

மறதி நோய் வந்தவரைக் கூட்டிவருபவரிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் உங்களுக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்றுதான். பல நேரம் பதில் வராது. மகளோ மருமகளோ, ஒருத்தியே இராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நோயாளியைவிட அவள் முகத்தில்தான் களைப்பு அதிகம் தெரியும். அவர்களிடம் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஃபிராங்க் பிராய்ல்ஸ் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

அமெரிக்காவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஆர்கன்சா பல்கலைக்கழக அணிக்கு 1958 முதல் 1976 வரை பிராய்ல்ஸ்தான் தலைமைப் பயிற்சியாளர். மொத்தம் 144 வெற்றிகள். 1964இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 2007 முடியும்வரை அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்தார். அவர் கொண்டுவந்த பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன் 1994இல் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார்.

இவற்றைவிட என்னைக் கவர்வது, துணைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் அவருக்கிருந்த கண். ஜோ கிப்ஸ், பாரி ஸ்விட்சர், ஜிம்மி ஜான்சன் மூவரும் அவரிடம் துணைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். பின்னாளில் மூவருமே தலைமைப் பயிற்சியாளர்களாகி, தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றார்கள். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கு 1996 முதல் தரப்படும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவருடைய மனைவி பார்பராவுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் வந்தது. குடும்பத்தாரோடு சேர்ந்து அவரைக் கவனித்துக்கொண்டார். 2004இல் பார்பரா இறந்தார். அந்த அனுபவத்தை வைத்து, பராமரிப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதி இலவசமாகவே பரப்பினார். நோயின் ஆரம்பம், நடு, கடைசி என்று கட்டத்துக்குக் கட்டம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று ஆட்டத் திட்டம்போலப் பிரித்து, எளிய மொழியில் எழுதியது. எங்கள் துறையில் எழுதப்படுபவை பலவும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள். குளிக்க மாட்டேன் என்று அப்பா அடம்பிடிக்கிறார். "நேற்றும் குளிக்கவில்லையே" என்று வாதாடினால் கோபம்தான் ஏறும். அரைமணி நேரம் விட்டுவிட்டு, துண்டை அவர் கையில் கொடுத்து, "வாங்கப்பா, தண்ணி சூடா இருக்கு" என்றால் பல நாள் எழுந்து வந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பார்க்க வரும் உறவினர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெயர் நினைவுக்கு வராதபோது அவர் படும் கூச்சம் எனக்குத் தெரியும். "நான் உங்க தம்பி மகன் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பராமரிக்கிறவரின் உடம்பையும் பார்க்க வேண்டும். தூக்கமில்லாமல், தன் சர்க்கரை மாத்திரையையே மறந்து, யார்மீதோ எரிந்துவிழுந்து, பிறகு தனியாக அழும் பெண்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவளுக்குப் பொறுமை போதவில்லை என்று நினைக்காதீர்கள். ஆள் போதவில்லை.

பிராய்ல்ஸும் 2017இல், தம் 92ஆம் வயதில், அதே நோயின் சிக்கல்களால்தான் இறந்தார்.

வெளியூரிலிருந்து போனில் மட்டும் யோசனை சொல்லும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை வாங்குவது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, இரவுக்கு ஆள் வைக்கும் செலவு, இவற்றில் ஒன்றையாவது முழுசாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது, "இன்னிக்கு அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீ போய்த் தூங்குக்கா" என்று சொல்லுங்கள்.