புரியிடைத் தூரம்: புரொப்பெல்லரின் ‘பிட்ச்’

படகின் பின்புறம் வெளியே பொருத்தும் (அவுட்போர்டு) இயந்திரத்தின் புரொப்பெல்லரைப் பார்த்தால், இதழ்கள் பொருந்திய அதன் நடுக் குடத்தில் 13 × 19 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது ‘பிட்ச்’. இரண்டும் அங்குலக் கணக்கு. படகின் வேகம், எரிபொருள் செலவு, இயந்திரத்தின் ஆயுள் மூன்றும் பெருமளவு இந்த இரண்டாவது எண்ணைப் பொறுத்தவை.

ஆங்கிலத்தில் ‘பிட்ச்’ என்ற வினைக்குப் பழைய பொருள் குத்தி ஊன்றுதல். கூடாரம் அடிப்பதும், கிரிக்கெட்டில் குச்சி நடும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இதன் வழியில்தான். பின்னர் அது சரிவு என்றும், திருகின் அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தொலைவு என்றும் கிளைத்தது. மரக்கலத்துக்குப் பூசும் கீலையும் ஆங்கிலத்தில் ‘பிட்ச்’ என்பார்கள். அதன் வேர் லத்தீன், இதற்கும் அதற்கும் உறவில்லை.

திருகின் சொல் படகுக்கு வந்த காரணம் எளிது. முதல் புரொப்பெல்லர்கள் உண்மையிலேயே திருகுகளாகத்தான் இருந்தன. 1836இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் காப்புரிமை பெற்றது மரத்தாலான நீண்ட திருகு ஒன்றுக்கு. மறு ஆண்டு கால்வாயில் வெள்ளோட்டம் விட்டபோது அதன் ஒரு பகுதி முறிந்து விழ, படகு முன்னிலும் வேகமாக ஓடியது. அதிலிருந்து திருகு குறுகிக் குறுகி இன்றைய இதழ்களாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைப் பிடித்தவர்களுக்குத் தெரிந்த சொல்தான்: புரியிடைத் தூரம். தலைக்கோலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் திருகின் முனை நகரும் தொலைவு அது. நழுவாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேறுமோ, அதுவே அதன் புரியிடைத் தூரம். வரையறை ஒன்றே, சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும்.

‘இதழ்ச் சாய்வு’ என்று எழுதத் தோன்றும். அது பிழை. ஓர் இதழை அருகில் வைத்துப் பாருங்கள்: குடத்தை ஒட்டிய அடிப்பகுதி செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், நுனியை நெருங்க நெருங்கப் படுத்துக்கொண்டே போகும். நுனி பெரிய வட்டம் சுற்றுகிறது, அடி சிறிய வட்டம் சுற்றுகிறது; இரண்டும் ஒரு சுற்றில் ஒரே தொலைவு முன்னேற வேண்டும் என்பதால்தான் இந்த முறுக்கு. சாய்வு இடத்துக்கு இடம் மாறும், தொலைவு மாறாது. ஆகவே இது கோணத்தின் பெயர் அன்று, தொலைவின் பெயர்.

தொலைவு என்று புரிந்துகொண்டால் கணக்கும் கைவந்துவிடும். இயந்திரம் நிமிடத்துக்கு 5,400 சுற்று, பல்சக்கர விகிதம் 2:1, புரியிடை 12 அங்குலம் என்று கொள்வோம். புரொப்பெல்லர் 2,700 முறை சுழலும். நிமிடத்துக்கு 823 மீட்டர், அதாவது மணிக்கு 49 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜிபிஎஸ் கருவி 40 காட்டினால், குறைந்துபோன ஏறத்தாழ 19 விழுக்காடுதான் நழுவல். நழுவலை முழுக்க ஒழித்துவிட முடியாது; இதழ் நீரைப் பின்னே தள்ளினால்தான் உந்துவிசையே பிறக்கும்.

இயந்திரக் கையேட்டில் முழு விசையில் இருக்க வேண்டிய சுற்று வரம்பு, எடுத்துக்காட்டாக 5,000 முதல் 6,000 வரை, குறித்திருக்கும். வலை, ஐஸ், எரிபொருள், ஆட்கள் என்று வழக்கமான சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் படகில் பார்த்த அளவு தொழிலுக்கு உதவாது. சுற்று வரம்பை எட்டாமல் திணறினால் புரியிடை அதிகம். இயந்திரம் மூச்சுமுட்ட உழைத்து, கரி படிந்து, பிஸ்டன் வரை கெடும். வரம்பைத் தாண்டிப் பறந்தால் புரியிடை குறைவு. ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். 4,700 சுற்றிலேயே நின்றுவிடும் படகுக்கு 2 அங்குலம் குறைத்தால் வரம்பின் வாசலைத்தான் தொடும். 3 அங்குலம் குறைப்பதே நல்லது.

ஆனால் புதுப் புரொப்பெல்லர் வாங்கும் முன் படகின் அடியில் கொட்டலசு எனும் ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டியிருக்கிறதா, இதழ் நுனி மடங்கியிருக்கிறதா, இயந்திரம் ஆழமாக இறங்கி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவற்றில் எது இருந்தாலும் சுற்று குறையும். பழி மட்டும் புரியிடை மேல் விழும்.